கத்தரிக்கு வீட்டு விதையோ, கடைக் கண்டோ, பழைய செடியோ, ஒட்டோ? வன்னி வளவுக்கு எது சரிவரும்

போன கிழமை ரெண்டு பேர் ஒரே விசயத்தைக் கேட்டவை. வட்டக்கச்சியில இருக்கிற தங்கச்சி ஒராள், "அக்கா, வளவுக்க கொஞ்சம் கத்தரி வைக்கப்போறன், விதை போடவோ கண்டு வேண்டவோ" எண்டு கேட்டா. விசுவமடுப் பக்கம் அண்ணை ஒராள், மூண்டு தரம் கண்டு வேண்டி நட்டு மூண்டு தரமும் பூக்கிற நேரத்தில படுத்துப்போச்சுது, எங்கட மண்ணுக்குக் கத்தரி ராசியில்லையோ எண்டு மனம் விட்டுப்போய்க் கதைச்சார். ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல ஏலாது, ஏனெண்டா தங்கச்சியின்ர பிரச்சினை ஆவணியில காணாத தண்ணி, அண்ணையின்ர பிரச்சினை நோய் பிடிச்ச மண். அதால நான் செய்து பாத்த அஞ்சு வழியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு எழுதுறன், உங்கட வளவுக்கு எது எண்டு நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ.

கனபேர் விலையைப் பாத்துத்தான் முடிவெடுக்கினம். விதை பக்கெற் எவ்வளவு, கண்டு எவ்வளவு எண்டு கேட்டு மலிஞ்சதை எடுக்கிறது. வீட்டுக்கு எண்டு வைக்கிற ஆறு ஏழு செடிக்கு அந்த வித்தியாசம் ஒரு நாள் கறிச்செலவுக்கும் வராது. நட்டமாகிறது நாலு மாசம் இறைச்ச தண்ணியும் உங்கட உழைப்பும்தான், அதுக்கு யாரும் கணக்குப் பாக்கிறேல்லை.

எதை வைச்சு முடிவெடுக்கிறது

முதலாவது தண்ணி. உங்கட கிணத்தில தை மாசம் எவ்வளவு தண்ணி எண்டதை விடுங்கோ, ஆவணி புரட்டாதியில எவ்வளவு நிக்குது எண்டு பாருங்கோ. எங்களுக்கு மழை எண்டா ஐப்பசியில தொடங்கி மார்கழி தை வரைக்கும்தான், மிச்ச மாசங்களில வாற ஒண்டு ரெண்டு மழைய நம்பி மரக்கறி வைக்க ஏலாது. ஆனி ஆடியில சோளகக் காத்து அடிக்கத் தொடங்கினா விடிய விட்ட தண்ணி மத்தியானத்துக்குள்ள காஞ்சுபோகும், இலை சுருண்டு பூ கொட்டும். காய்க்கிற நேரம் ஒரு கத்தரிக்கு ஒண்டு விட்ட ஒரு நாள் அரை வாளி தண்ணியாவது வேணும். எட்டுச் செடி எண்டா நாலு வாளி. அதை ஆவணியில உங்களால அள்ளி ஊத்த ஏலுமோ எண்டதுதான் கேள்வி.

ரெண்டாவது உங்கட மண்ணில வாடல் நோய் வந்ததோ எண்டது. இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லோணும், ஏனெண்டா வன்னியில கத்தரி வைச்சுக் கைவிட்ட ஆக்களில கனபேர் இதாலதான் விட்டவை, ஆனா அவைக்கே அது தெரியாது. பற்றீரியா வாடல் வந்த செடியில இலை மஞ்சளாகாது, பச்சையாவே மத்தியானம் தொங்கும், பின்னேரம் திரும்ப நிமிரும், நாங்கள் தண்ணி காணாது எண்டு நினைச்சு இன்னும் ஊத்துவம், நாலாம் அஞ்சாம் நாள் நிமிராது. அப்பிடி ஒண்டு வந்தா அடித்தண்டை வெட்டி ரெண்டு இஞ்சித் துண்டு ஒண்டு எடுங்கோ. ஒரு கிளாசில நல்ல தெளிஞ்ச தண்ணி விட்டு, வெட்டின முகம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி துண்டைத் தொங்க விட்டிட்டு ஆட்டாமல் அசைக்காமல் பாத்துக்கொண்டிருங்கோ. அஞ்சு பத்து நிமிசத்தில வெட்டு வாயில இருந்து பால் நூல் மாதிரி மெல்லிசா வெள்ளையா ஒண்டு கீழ இறங்கும், கொஞ்ச நேரத்தில கிளாஸ் தண்ணி கலங்கிப்போகும். நான் முதல் தரம் அதைக் கண்ட அண்டைக்கு எனக்கு நெஞ்சு பதறிச்சுது, அவ்வளவு கிருமி அந்தச் சின்னத் தண்டுக்குள்ள இருந்து வருது. நூல் இறங்கினா அது வாடல்தான், மருந்து அடிச்சு மாத்தேலாது, அந்த மண்ணில வருசக்கணக்கில இருக்கும், தக்காளி மிளகாய் வைச்சாலும் அதுகளையும் பிடிக்கும், எல்லாம் ஒரே குடும்பம்.

மூண்டாவது, ஆர் பாக்கிறது. வீட்டில விடிய பின்னேரம் நிக்கிற ஆள் இருக்கோ, இல்லாட்டி வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வந்து பாக்கிறதோ. நாலாவது, எப்ப கறிக்கு வேணும். அஞ்சாவது, வாற வருசத்துக்கு உங்களிட்ட விதை இருக்குமோ, திரும்பக் கடைக்குப் போகோணுமோ. காசு ஆறாவது.

அளவையும் சொல்லிப்போட்டுப் போறன். அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு கிழமையில ரெண்டு தரம் கத்தரிக்காய் எண்டா ஆறு தொடக்கம் எட்டுச் செடி காணும். முப்பது வைச்சுப்போட்டு தண்ணி காணாமல் எல்லாத்தையும் வாட விடுறதை விட எட்டை ஒழுங்காப் பாருங்கோ.

1. வீட்டு விதை

எனக்கு மனசுக்குக் கிட்டினது இதுதான், அதையும் ஒளிக்கேல்லை. சண்டை முடிஞ்சு நாங்கள் 2010இல திரும்பி வரேக்க வளவு முழுக்கப் பத்தை, வீட்டுச் சுவர் பாதி, கிணத்துக்க குப்பை. விதை எண்டு ஒரு மணி இல்லை. யாழ்ப்பாணத்தில இருந்த சித்தி ஒரு சின்ன மருந்துப் போத்தில்ல சாம்பலோட கலந்து கத்தரி விதை தந்து விட்டவா, அம்மா அதைச் சீலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டுதான் பஸ்ஸில வந்தவா. அந்த இனம் இண்டைக்கும் எங்கட வளவில நிக்குது. அண்டையில இருந்து, நல்லாக் காய்க்கிற செடியில ரெண்டாம் மூண்டாம் காய் ஒண்டை ஆயாமல் விட்டு, துணி கட்டி அடையாளம் வைக்காமல் நாங்கள் ஒரு போகமும் முடிச்சதில்லை.

விதை எடுக்கிற முறை சுகம். காய் மஞ்சளாகிக் கொஞ்சம் மெத்தெண்டு வரும் வரைக்கும் செடியில விடோணும். ஆய்ஞ்சு நாலைஞ்சு நாள் குசினியில வைச்சிட்டு, வெட்டி, சட்டியில தண்ணி விட்டுக் கையால பிசையுங்கோ, நல்ல விதை அடியில போகும், பதர் மிதக்கும், மிதக்கிறதை ஊத்துங்கோ. நிழல்ல காய வைச்சு, சாம்பலோட கலந்து, இறுக்கமான மூடி உள்ள போத்தில்ல போட்டா ரெண்டு மூண்டு வருசம் முளைக்கும். ஒரு கிராமில 200க்கு மேல விதை நிக்கும் எண்டபடியா ஒரு காயில இருந்து ஊருக்கே குடுக்கலாம்.

நாற்றுமேடைக்கு மூண்டடி அகலம், அரை அடி உயரம். எங்கட பக்கம் உமிக்கும் வைக்கலுக்கும் பஞ்சமில்லைத்தானே, மேடையில வைக்கல் ஒரு படை உமி ஒரு படை எண்டு மாறி மாறிப் போட்டு காத்துக்கு எதிர்ப்பக்கமா மேல இருந்து எரிச்சா மேல்மண்ணில இருக்கிற கிருமியும் களை விதையும் செத்துப்போகும், விவசாய போதனாசிரியர்மாரும் சொல்லித்தாறது இதைத்தான். ஒரு கிழமை பத்து நாளில முளைக்கும், நாலு அஞ்சு கிழமையில பிடுங்கி நடலாம். மேல கிடுகு ஒண்டு போட்டு நிழல் குடுத்து, நடுறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் நிழலைக் குறைச்சு தண்ணியையும் குறைச்சு விட்டா கண்டு உரமாகும்.

மறைஞ்ச செலவு என்னெண்டா காலம். விதை போட்ட நாளில இருந்து முதல் காய்க்கு நூறு நாளளவில போகும், அந்த முதல் மாசம் முழுக்க ஒரு ஆள் விடிய பின்னேரம் பூவாளியோட நிக்கோணும், ஒரு நாள் அளவுக்கு மிஞ்சித் தண்ணி விட்டா அடித்தண்டு அழுகிக் கூட்டமாச் சாயும், ஒரு நாள் மறந்தாக் காஞ்சிடும். மயிலும் வரும், பிஞ்சு இலைய ஒவ்வொண்டாக் கொத்தும், அதால மேடைக்கு மேல வலை வேணும். காயும் ஹைபிரிட் (கலப்பின) கத்தரி மாதிரி ஒரே அளவா வராது, கொஞ்சம் விதை கூட. ஆனா பால்கறிக்கும் சுட்டுச் சம்பல் போடுறதுக்கும் இந்த நாட்டுக் கத்தரிக்குக் கிட்ட வேற ஒண்டும் நிக்காது.

இது ஆருக்கு: வீட்டில ஆள் இருக்கு, அவசரமில்லை, மண்ணில வாடல் இல்லை எண்டா வேற ஒண்டையும் யோசிக்காதேங்கோ.

2. பக்கெற் விதை

இதில ரெண்டு சாதி இருக்கு, அதைப் பிரிச்சுப் பாக்காமல் வேண்டிறதுதான் பிழை. ஒண்டு விவசாயத் திணைக்களத்தின்ர சாதாரண இனங்கள், எங்கட யாழ்ப்பாணத் திருநெல்வேலியின்ர பேரில இருக்கிற திருநெல்வேலி ஊதா, பிறகு லேனா இரி, சிங்களத்தில அதுக்கு அணில் கோடு எண்டு அர்த்தம், ஊதாக் காயில வெள்ளைக் கோடு இறங்கியிருக்கும், நீளமா வரும். இதுகளில இருந்து நீங்கள் விதை எடுத்தா பெரும்பாலும் அதே மாதிரித்தான் திரும்ப வரும், கத்தரி தன்னைத்தானே சேருற பூ, எண்டாலும் வண்டு கொஞ்சம் கலக்கும், அதால விதைக்கு விடுற செடியை மற்ற இனத்தில இருந்து தள்ளி வையுங்கோ.

மற்றது ஹைபிரிட், எஃப் வன் எண்டு பக்கெற்றில போட்டிருக்கும். விளைச்சல் எண்டு பாத்தா அதோட போட்டி போட ஏலாது, காய் ஒரே அளவு, மினுங்கும், சந்தைக்குக் குடுக்கிற ஆக்கள் அதைத்தான் வைக்கினம், அது அவைக்குச் சரி. வீட்டுக்கு எண்டா நான் ரெண்டு தரம் யோசிப்பன். அந்தக் காயில இருந்து விதை எடுத்து நட்டா பிள்ளைகள் தாயைப் போல வராது, ஒண்டு நீளம், ஒண்டு கட்டை, ஒண்டு காய்க்கவே காய்க்காது. அப்ப ஒவ்வொரு வருசமும் கடைதான். பெரும்பாலான ஹைபிரிட் விதை வெளிநாட்டில இருந்து வாறது, 2022 மாசியில 200 ரூபாயளவில நிண்ட டொலர் வைகாசியில 360ஐத் தொட்டபோது விதை விலைக்கு என்ன நடந்தது எண்டு தோட்டம் செய்யிற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கு முந்தின வருசம், 2021 வைகாசியில ரசாயன உர இறக்குமதிய நிப்பாட்டி கார்த்திகையில திரும்ப விட்ட அந்த ஆறு மாசமும் எங்கட பக்கத்து வளவு ஹைபிரிட் கத்தரி இலை வெளிறிப்போய் நிண்டது, எங்கட நாட்டுக் கத்தரி ஆட்டெருவோடயும் கிளிசரியாத் தழையோடயும் குறைவாத்தான் காய்ச்சது, ஆனா காய்ச்சது. கன தீனி எதிர்பாக்கிற செடியை வைச்சா அந்தத் தீனிக்கு எப்பவும் வழி இருக்கோணும்.

இன்னொண்டு. பக்கெற் விதையில சிவப்பா ரோசா நிறமா பூசியிருந்தா அது மருந்து. கை கழுவுங்கோ, சின்னப்பிள்ளையள் தொடாமல் வையுங்கோ. பக்கெற்றில திகதியும் பாருங்கோ, வெய்யிலில கடை வாசல்ல தொங்கின பக்கெற்றை எடுக்காதேங்கோ, உள்ள இருக்கிற விதை பாதி வெந்திருக்கும்.

இது ஆருக்கு: கையில ஒரு விதையும் இல்லாத ஆக்கள் முதல் வருசம் சாதாரண இன பக்கெற் ஒண்டு வேண்டி, அதில இருந்து விதை எடுத்து ரெண்டாம் வருசம் முதலாம் வழிக்குப் போகலாம். மிஞ்சிற காயை விக்கிற யோசனை இருந்தா ஹைபிரிட்.

3. கண்டு வேண்டி நடுறது

இதில வாற சந்தோசம் எனக்கும் தெரியும். பின்னேரம் வேண்டி வந்து அண்டைக்கே நட்டு, அடுத்த நாள் விடிய எழும்பி வந்து பாத்தா தோட்டம் மாதிரி இருக்கும். ஒரு மாசம் மிச்சம், நட்டு ரெண்டு ரெண்டேகால் மாசத்தில காய். வேலைக்குப் போற ஆக்களுக்கு நாற்றுமேடை பாக்க ஏலாது, 2022இல அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டு வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன நேரம் எனக்குத் தெரிஞ்ச கனபேர் கண்டு வேண்டித்தான் தொடங்கினவை, அதில பிழை ஒண்டும் இல்லை.

ஆனா எங்கட வளவுக்கு வாடல் வந்தது ஒரு வேண்டின கண்டோடதான். மேடையில பிடுங்கி, வேரில மண் உருண்டையோட பேப்பரில சுத்தித் தந்த கண்டு பத்து. எந்த இடம் எண்டு சொல்லேல்லை, அந்த மனிசனும் வேணுமெண்டு செய்யேல்லை, அவருக்கும் தெரிஞ்சிருக்காது. நாப்பதாம் நாள் முதல் செடி, ஒரு கிழமைக்குள்ள ஆறு. அந்த ஆறும் நிண்ட துண்டில இண்டைக்கும் நான் கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வைக்கிறதில்லை, சோளமும் பயித்தையும்தான் மாறி மாறிப் போடுறன். ஒரு கண்டு விலையில வேண்டி வந்த பிரச்சினை என்ர வளவில கால் பங்கை வருசக்கணக்கில கட்டிப்போட்டிருக்கு. கண்டின்ர மறைஞ்ச செலவு எண்டு நான் சொல்லுறது இதைத்தான்.

அதால கண்டு வேண்டினா ட்ரேயில தென்னந்தும்போட வாறதை வேண்டுங்கோ, ஆரின்ரையோ தோட்டத்து மண்ணில பிடுங்கினதை வேண்டாதேங்கோ. வேர் வெள்ளையா இருக்கோணும், முடிச்சு முடிச்சா வீங்கியிருந்தா அது வேரில புழு, மணல் தரையில அது இன்னும் மோசமாப் பெருகும். இலைக்குக் கீழ திருப்பிப் பாருங்கோ, வெண் ஈ பறந்தா வைச்சிட்டு வாங்கோ. உயர்ந்து பூவோட நிக்கிற கண்டைக் கண்டு ஆசைப்படாதேங்கோ, அது வயசுபோன கண்டு, நட்டாப் பிறகு எழும்பாது. நாலைஞ்சு இலையோட கட்டையா, தண்டு பென்சில் மொத்தத்துக்குக் கொஞ்சம் குறைவா இருக்கிறதுதான் நல்லது. என்ன இனம் எண்டும் கேளுங்கோ, கனதரம் விக்கிற ஆளுக்கே தெரியாது, ஊதா எண்டு வேண்டினது பச்சையாக் காய்க்கும்.

நடுறது எப்பவும் பின்னேரம். ரெண்டடிக்கு மூண்டடி இடைவெளி, நட்டவுடன பக்கத்தில கிளிசரியாக் கொப்பு ஒண்டு குத்தி விட்டா நாலைஞ்சு நாள் நிழல் குடுக்கும்.

இது ஆருக்கு: நேரமில்லாத ஆக்களுக்கும், நாற்றுமேடை போடப் பிந்திப்போன ஆக்களுக்கும்.

4. பழைய செடிய வெட்டி விடுறது

இதை ஆரும் ஒரு வழியாவே நினைக்கிறேல்லை, அதுதான் எனக்குக் கவலை. கத்தரி ஒரு போகத்துச் செடி இல்லை, நாங்கள்தான் அப்பிடிப் பழக்கிப்போட்டம், விட்டா வருசம் தாண்டி நிக்கும். வைகாசி ஆனியோட காய் சின்னனாகி, இலை சோர்ந்து, சனம் பிடுங்கிப் போட்டுடும். அதை விட்டு, ஆவணிக் கடைசியில, தரையில இருந்து ஒரு அடியளவில, ரெண்டு மூண்டு நல்ல கிளையில கணு ஒவ்வொண்டு இருக்கிற மாதிரி சரிவா வெட்டி விடுங்கோ. சுத்திக் கொத்தி, மாட்டெருவோ ஆட்டெருவோ ரெண்டு கை போட்டு, வைக்கலால மூடி விடுங்கோ. இலை இல்லாதபடியா தண்ணியும் கனக்கத் தேவைப்படாது, கிணறு வத்துற நேரத்தில அது எவ்வளவு பெரிய உதவி. ரெண்டு கிழமையில துளிர் வரும், ஒண்டரை ரெண்டு மாசத்தில காய், அதுவும் மழை தொடங்கிற நேரத்துக்குச் சரியா வரும், வேர் முந்தியே ஆழமா ஓடினதால.

மறைஞ்ச செலவு பூச்சி. பழைய செடியில அழுக்கணவன், வெண்மூட்டுப்பூச்சி, தண்டுக்குள்ள துளைச்ச புழு எல்லாம் குடியிருக்கும், வெட்டின கொப்பை வளவுக்குள்ள போடாமல் எரிச்சுப்போடுங்கோ. இலை எல்லாம் நுணுங்கிப்போய் ஒரு கொத்தா, பூ இல்லாமல் நிக்கிற செடி எண்டா அது சிற்றிலை நோய், தத்திப்பூச்சி கொண்டு திரியிறது, வெட்டி விட்டாலும் அதே மாதிரித்தான் துளிர்க்கும், பிடுங்குங்கோ. மத்தியானம் தொங்கின செடியையும் வெட்டிப் பாக்காதேங்கோ, கத்தியிலயே மற்றதுக்குப் போகும். ஒவ்வொரு செடிக்கும் நடுவில கத்திய நெருப்பில காட்டுங்கோ. விளைச்சல் முதல் தரத்தை விடக் கொஞ்சம் குறையும், ஒரு தரம் ரெண்டு தரம் வெட்டலாம், அதுக்கு மேல பிரயோசனமில்லை.

இது ஆருக்கு: ஆவணியில வளவில நோயில்லாத பழைய செடி நிண்டா, கெதியாக் காய் வேணுமெண்டா, புதுசா ஒண்டும் வேண்டாமல் இதைத்தான் முதல் செய்யோணும்.

5. சுண்டங்கத்தரியில ஒட்டு

வேலியோரத்தில, ரோட்டுக்கரையில முள்ளோட தானா முளைச்சு நிக்குமே, சின்னக் காய் கொத்துக் கொத்தா, அதுதான். அதின்ர வேருக்கு வாடல் லேசில பிடிக்காது, வேர் முடிச்சுப் புழுவுக்கும் தாக்குப்பிடிக்கும், அதால உலகத்தில கன இடத்தில கத்தரியை இதில ஒட்டித்தான் நடுகினம். வாடல் வந்த மண்ணில திரும்பக் கத்தரி தின்ன ஆசையெண்டா நான் செய்து பாத்ததில உருப்படியான வழி இது ஒண்டுதான்.

வேலை கொஞ்சம் நுணுக்கம், ஆனா ஏலாத வேலை இல்லை. சுண்டங்கத்தரி விதை முளைக்கவே ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும், வளர்த்தியும் மெது, அதால கத்தரி விதை போட ஒரு மாசத்துக்கு முதலே அதைப் போடோணும், இல்லாட்டி வேலியோரத்தில முளைச்ச பிஞ்சுக் கண்டைப் பையில எடுத்து வைக்கலாம். ரெண்டின்ர தண்டும் பென்சில் மொத்தத்துக்கு ஒரே அளவா வரேக்க, சுண்டங்கத்தரியை நாலு விரல் உயரத்தில வெட்டி நடுவில பிளந்து, கத்தரி நுனியை ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சீவி அதுக்குள்ள இறக்கி, பொலித்தீன் நாடாவால கட்டுங்கோ. புது பிளேட் வேணும், ஒரே இழுவையில சீவோணும், திரும்பத் திரும்பச் சீவினா பிடிக்காது. மேல தெளிஞ்ச பொலித்தீன் பையால மூடி நிழல்ல ஒரு கிழமை பத்து நாள். பை உள்ப்பக்கம் வியர்த்திருக்கோணும். புதுத் துளிர் வந்தாப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் பையைத் திறவுங்கோ. நான் முதல் தரம் பத்து ஒட்டி மூண்டுதான் பிடிச்சது, இப்ப பத்துக்கு ஏழு பிடிக்குது.

நடேக்க ஒட்டின இடம் மண்ணுக்கு மேல நிக்கோணும், மண் மூடினா கத்தரி அதில இருந்து வேர் விட்டு நோய் உள்ள போகும், பிறகு ஒட்டினதுக்கு அர்த்தமில்லை. ஒட்டுக்குக் கீழ முள்ளோட வாற துளிரை கிழமைக்கொருக்கா கிள்ளோணும், ஒரு மாசம் பாக்காமல் விட்டா சுண்டங்கத்தரி மேல வந்து கத்தரியை விழுங்கிப்போடும். செடி பெருசா வரும், மூண்டடிக்குக் குறைய வைக்காதேங்கோ. பலன் என்னெண்டா ஒழுங்காப் பாத்தா ரெண்டு வருசத்துக்கும் நிண்டு காய்க்கும், வேர் பலமானதால வறட்சிக்கும் தாங்கும்.

இது ஆருக்கு: வாடல் வந்த மண்ணுக்கு. வாடல் இல்லாத வளவில ஆறு செடிக்காக இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை.

ஒரு பார்வையில

| வழி | முதல் காய்க்கு | ஆவணித் தண்ணி | வாடல் மண்ணில | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|
| வீட்டு விதை | நூறு நாளளவில | காலபோகத்துக்கு (மழைப் போகத்துக்கு) வைச்சா பிரச்சினையில்லை | சரிவராது | முதல் மாசத்து ஆள் வேலை |
| பக்கெற் விதை | நூறு நாளளவில | ஹைபிரிட்டுக்குக் கூட வேணும் | இனத்தைப் பொறுத்தது | உரம், வருசா வருசம் விதை |
| வேண்டின கண்டு | ரெண்டு ரெண்டேகால் மாசம் | நட்ட முதல் ரெண்டு கிழமை கூட | சரிவராது | நோய் வளவுக்குள்ள வாறது |
| வெட்டி விட்ட செடி | ஒண்டரை ரெண்டு மாசம் | குறைய | செய்யவே வேண்டாம் | பழைய பூச்சி |
| சுண்டங்கத்தரி ஒட்டு | நாலைஞ்சு மாசம் | தாங்கும் | இதுதான் வழி | பழகிற வரைக்கும் பிடிக்காமல் போறது |

அஞ்சுக்கும் பொதுவா ஒண்டு சொல்லோணும், காய் துளைக்கிற புழு. எந்த வழியில வைச்சாலும் வரும், புழு வராத இனம் எண்டு ஆரும் விதை வித்தா நம்பாதேங்கோ. நுனித் துளிர் ஒண்டு மட்டும் வாடித் தொங்கினா அதுக்குள்ள புழு இருக்கு, கண்ட உடன ரெண்டு விரல் கீழ கிள்ளி எடுத்து நசிச்சுப்போடுங்கோ, கிழமைக்கு ரெண்டு தரம் சுத்திப் பாத்தா எட்டுச் செடிக்கு மருந்தே தேவைப்படாது. ஓட்டை விழுந்த காயையும் செடியில விடாதேங்கோ, கீழயும் போடாதேங்கோ. கட்டாக்காலி மாட்டுக்கு வேலி, குரங்குக்கு ஆள், அதுக்கு இதை விட்டா எனக்கும் வேற வழி தெரியேல்லை.

பருவத்தையும் யோசியுங்கோ. கார்த்திகை மார்கழிப் பெருமழையில இளம் கண்டு வெள்ளத்தில நிண்டா வேர் அழுகும், வாடலும் சூடான ஈர மண்ணிலதான் துள்ளும். அதால நான் ஐப்பசிக் கடைசியில மேடையில கிடுகுக்குக் கீழ விதை போட்டு, மார்கழியில மழை தணியத் தணிய மேட்டுப்பாத்தியில நட்டு, மாசிக் கடைசியில இருந்து சித்திரை வைகாசி வரைக்கும் ஆய்வன். சித்திரையில நட்டாலும் வரும், ஆனா காய்க்கிற நேரம் சோளகமும் வத்தின கிணறும் ஒண்டா வந்து நிக்கும், இரணைமடுக் குளத்து வாய்க்கால் கிட்ட இருக்கிற ஆக்களுக்கோ நல்ல குழாய்க்கிணறு உள்ள ஆக்களுக்கோ அது பரவாயில்லை, மற்றாக்களுக்கு நான் சொல்லமாட்டன்.

இனி அந்த ரெண்டு பேருக்கும். தங்கச்சி, உங்கட குளிக்கிற இடத்துக்குப் பின்னால மூண்டு பழைய செடி நிக்குது எண்டு சொன்னனீங்கள், பிடுங்கப் போறன் எண்டும் சொன்னனீங்கள், பிடுங்காதேங்கோ. மத்தியானம் ரெண்டு நாள் பாருங்கோ, தொங்கேல்லை எண்டா இந்தக் கிழமையே வெட்டி விடுங்கோ, குளிக்கிற தண்ணியே அதுகளுக்குக் காணும், சவர்க்காரத் தண்ணி மட்டும் நேர வேருக்குப் போகாமல் பாருங்கோ. வெட்ட முதல் ஒரு செடியில பெரிய காய் ஒண்டு நிண்டா அந்தக் கிளையை மட்டும் விட்டுப் பழுக்க விடுங்கோ, ஐப்பசிக்கு உங்கட மேடைக்கு விதை அதுதான்.

அண்ணை, நீங்கள் நாலாம் தரமும் கண்டு வேண்டப் போகாதேங்கோ. இப்ப கடைசியாச் சாகிற செடி ஒண்டு நிக்குது எண்டனீங்கள், அதைப் பிடுங்க முதல் கிளாசில தண்ணி வைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. நூல் இறங்கினா அந்தச் செடியை வேரோட மண்ணோட எடுத்து எரிச்சுப்போட்டு, அந்தத் துண்டில வாற ரெண்டு மூண்டு போகம் சோளமோ பயித்தையோ போடுங்கோ, மம்பெட்டியையும் கழுவாமல் மற்றப் பாத்திக்குக் கொண்டு போகாதேங்கோ. உங்கட வேலியோரத்தில சுண்டங்கத்தரி நிக்குது, நான் போனமுறை வரேக்க கண்டனான். பழுத்த காய் நாலைஞ்சு ஆய்ஞ்சு காய வையுங்கோ, நான் அடுத்த மாசம் அந்தப் பக்கம் வரேக்க எங்கட வீட்டு விதையும் ஒரு புதுப் பிளேட் பக்கெற்றும் கொண்டு வாறன், முதல் பத்தையும் சேர்ந்து ஒட்டுவம்.